சொன்னதை மட்டும் செய்யும் கருவி

காஞ்சிபுரத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு ஊரின் சர்க்கரை அளவு தெரியும். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர், காந்தி ரோட்டுப் புடவைக் கடை விற்பனையாளர், கோயில் வாசலில் பூக் கட்டுகிறவர் என்று மாதப் பிறப்பில் வரிசையாக வந்து மெட்ஃபார்மின் அட்டைகளை வாங்கிப் போவார்கள். அவர்களில் சில ஆண்கள் பில் போட்ட பிறகும் நகர மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் அம்மா போகட்டும், கடைப் பையன் உள்ளே போகட்டும் என்று காத்திருந்து, வேண்டாத இருமல் மருந்துக்கெல்லாம் விலை விசாரித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நரம்புக்கு ஏதாவது நல்லதா இருக்கா?" என்பார்கள்.

எந்த நரம்பு என்று நான் கேட்பதில்லை. "சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?" என்றுதான் கேட்பேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடு வருகிறது. மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்த இரண்டு கணக்கையும் வைத்துப் பார்த்தால், என் கடை முன்னால் காத்து நிற்கிறவர்கள் ரொம்பக் குறைவு. மற்றவர்கள் யாரிடம் போகிறார்கள் என்பது பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரைப் பார்த்தாலே தெரியும்.

உடம்பில் நடப்பது இதுதான். ஆணுறுப்புக்குள் பஞ்சு போன்ற திசு நிரம்பிய இரண்டு குழல்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஆசை எழும்போது நரம்பு நுனிகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அது தமனிகளைத் தளர்த்துகிறது. ரத்தம் பாய்ந்து பஞ்சு நிரம்புகிறது; நிரம்பிய பஞ்சு அழுத்துவதால் ரத்தம் வெளியேறும் வழிகள் அடைபட்டு விறைப்பு நிற்கிறது. சர்க்கரை இந்த உட்சுவரையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். பீடியும் சிகரெட்டும் ரத்தக் கொதிப்பும் கொழுப்பும் அதே வேலையைச் செய்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது குழாயின் அளவு. ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் குறுக்களவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்துக்குப் போவது மூன்று, நான்கு மில்லிமீட்டர். அடைப்பு என்று தொடங்கினால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நாற்பது, ஐம்பது வயது ஆளுக்கு இந்தக் குறைபாடு வந்து, சில வருஷங்களில் மாரடைப்பு வருவது டாக்டர்களுக்குப் பழகிய வரிசை. அதனால் "நரம்புக்கு" என்று வருகிறவரை நான் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கத்தான் அனுப்புவேன். முகத்தைச் சுளிப்பார். கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

புது மாப்பிள்ளைகளும் வருவார்கள். ஊரே கல்யாணத்துக்காக நெய்கிற ஊர் இது. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டத்திலிருந்து நழுவி வந்து மாத்திரை கேட்ட பையனையும் பார்த்திருக்கிறேன். காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பான். அப்படியென்றால் பெரும்பாலும் குழாயிலும் நரம்பிலும் கோளாறு இல்லை, பயம்தான். அவனுக்கு வேண்டியது நாலு நல்ல வார்த்தை, அதற்கும் மசியாவிட்டால் மனநல ஆலோசனை. ஆபரேஷனுக்கு அங்கே வேலையே இல்லை.

லாட்ஜ் வைத்தியர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மாதத்தில் இன்ன தேதி இன்ன அறையில் சந்திக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டுகிற ரகம். 1954-லேயே மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே குற்றம். சட்டத்தின் வயதைவிடச் சுவரின் வயது குறைவு, நோட்டீஸ் மட்டும் புதுசு. ஒரு மண்டலத்துக்கு லேகியம், அப்புறம் அடுத்த மண்டலம், அதற்கு மேல் தங்க பஸ்பம் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். மூலிகை என்று விற்கிற சில மாத்திரைகளைச் சோதித்தால் உள்ளே சில்டெனாஃபில் இருக்கிறது. பல நாடுகளில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் இதைக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்து. மூலிகைதானே என்று நினைத்தவருக்கு அது தெரியவே தெரியாது.

சில்டெனாஃபில் நல்ல மருந்துதான். நெஞ்சுவலிக்கு என்று இங்கிலாந்தில் ஃபைசர் கம்பெனி சோதித்துப் பார்த்தது, அந்த வேலைக்குச் சுமாராகவும் இந்த வேலைக்கு அபாரமாகவும் இருந்தது. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டாக்டர் சீட்டோடு வந்தால் என் கடையிலும் உண்டு. ஆனால் அது ரத்தக் குழாயைத் தளர்த்த மட்டுமே உதவும். நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவே வழியில்லாத அளவுக்கு நரம்பும் உட்சுவரும் கெட்டுப் போயிருந்தால் மாத்திரை எதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்? நாள்பட்ட சர்க்கரைக்காரர்கள், புரோஸ்டேட் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், வெள்ளைகேட் பக்கம் நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த இளவட்டங்கள் ஆகியோரில் பலருக்கு மாத்திரை கைவிட்டுவிடும்.

மாத்திரைக்கு அடுத்தபடியாக இரண்டு வழிகள். ஒன்று, உறுப்பின்மேல் மாட்டிக் காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கும் வெற்றிடக் குழாய். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டயர் தொழில் செய்துவந்த கெடிங்ஸ் ஆஸ்பன் என்பவர் தனக்காகச் செய்துகொண்டது, 1982-இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்னொன்று உறுப்பிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி. அந்த ஊசிக்கு ஒரு கதை உண்டு. 1983-இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரகவியல் மாநாட்டில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, தங்கியிருந்த அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்து, படம் காட்டிப் பேசி முடித்ததும் பேண்ட்டை இறக்கி நிரூபித்தார். முன் வரிசையில் டாக்டர்களின் மனைவிமார் உட்கார்ந்திருந்தார்களாம். விஞ்ஞானத்துக்காக மனுஷன் எவ்வளவு துணிகிறான் பாருங்கள். ஊசி போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காவிட்டால் ஓடோடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இதெல்லாம் பலிக்காதவர்களுக்குத்தான் ஆபரேஷன். உள்ளே கருவி பொருத்துவது.

நாய்க்கும் கரடிக்கும் ஆணுறுப்பில் எலும்பு உண்டு, மனிதனுக்குக் கிடையாது. அந்தக் குறையைச் சரிசெய்வதுபோல 1936-இல் நிகோலாய் பொகோராஸ் என்ற ரஷ்ய அறுவை நிபுணர் நோயாளியின் விலாக் குருத்தெலும்பையே எடுத்து வைத்துப் பார்த்தார். குருத்தெலும்பை நாளடைவில் உடம்பு கரைத்துவிட்டது. பிறகு சிலிகோன் வந்தது. 1973-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் நீர் நிரப்பி விறைக்க வைக்கும் கருவியை அறிமுகம் செய்தார்கள். இன்றைக்கு உலகத்தில் பொருத்தப்படும் நீர் நிரப்பும் கருவிகள் அதன் பேரன்கள். இந்தியாவில் மும்பை ஆண்ட்ராலஜி நிபுணர் டாக்டர் ரூபின் ஷா, நம் ஆட்களின் பணப்பையைப் பார்த்து, குறைந்த செலவில் வளைந்து கொடுக்கும் சிலிகோன் தண்டுகளை வடிவமைத்தார். மேலுறையைக் கழற்றி ஆளுக்கேற்றபடி பருமனைச் சரிசெய்துகொள்ளலாம். டாக்டர்கள் அதை ஷா இம்ப்ளான்ட் என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து இதைச் செய்துகொண்டவர் ஒரு தறிக்காரர். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நாள்பட்டது. மாத்திரை, லேகியம், எண்ணெய் எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். லேகியத்துக்குக் கொடுத்த தொகையைக் கேட்டு எனக்கே ஆத்திரமாக வந்தது. சென்னையில் ஒரு சிறுநீரகவியல் டாக்டரிடம் போகச் சொன்னேன். "நீங்களும் கூட வாங்கண்ணே" என்றார். அவர் சம்சாரமும் வந்தார்.

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு மாதிரிகளை எடுத்து வைத்தார். முதலாவது, வளையும் தண்டு ஜோடி. எப்போதும் ஒரே விறைப்பில் இருக்கும். வேண்டும்போது மேலே நிமிர்த்திக்கொள்ளலாம், மற்ற நேரம் கீழே மடக்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது மூன்று பாகம் கொண்டது. உறுப்புக்குள் இரண்டு உருளைகள், விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப், அடிவயிற்றுத் தசைக்குப் பின்னால் உப்பு நீர்ப் பை, எல்லாவற்றையும் இணைக்கும் மெல்லிய குழாய்கள். நான் தினமும் கடையில் பிரஷர் பார்க்கும் கருவியைப் போலத்தான்: பம்பை அமுக்க அமுக்க உருளை நிரம்பும், வால்வை அழுத்தினால் நீர் திரும்பிப் பைக்குப் போய்விடும்.

தறிக்காரர் அதைக் கையில் வாங்கினார். கோர்வைக் கரை சேருமிடத்தைத் தடவிப் பழகிய விரல்கள். கருவியின் குழாய் பம்போடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாக நெருடிக்கொண்டே போய், "இந்த ஒட்டு விட்டுப் போச்சுன்னா?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கரெக்டா அங்கதான் கை வெச்சீங்க. எந்தப் பொருளா இருந்தாலும் ஒரு நாள் கெடும். நீர் கசிஞ்சா உடம்புக்கு ஆபத்தில்ல, வெறும் உப்புத் தண்ணிதான். ஆனா கருவி வேலை செய்யாது, மாத்தணும்." பத்து வருஷம் கழித்தும் பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்கிறது என்றும் சொன்னார். தண்டு வகையில் கெட்டுப்போகும் பாகங்கள் மிகக் குறைவு என்பது அதன் சௌகரியம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் பம்பை அமுக்குவது சிரமம், அவர்களுக்கும் தண்டுதான் ஏற்றது.

அடுத்த கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. "குழித் தறியில உக்காந்தா உறுத்துமா சார்?" தறிக்காரர் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்தபடி நாள் முழுக்க முன்னால் குனிந்து உட்கார வேண்டும், நெய்த புடவை சுற்றும் உருளை மடிக்கு நேராக இருக்கும். அந்த இடத்தில் எதுவும் உறுத்தினால் ஒரு முழம் நெய்ய முடியாது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து, எப்படி உட்காருவார் என்று அவரைத் தரையில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். கீழே மடக்கி, இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொண்டால் உட்காரலாம், ஆனால் ஆறு வாரத்துக்குத் தறிப் பக்கம் போகக் கூடாது என்றார். வைகாசி கருட சேவைக்கு வரதர் கோயிலில் வாகனத்துக்குத் தோள் கொடுக்கிறவர் இவர். அந்த வருஷம் அதுவும் கிடையாது என்று ஆனது.

டாக்டர் சம்சாரத்தின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இதில் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அந்தம்மா கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு அது பெருசில்ல டாக்டர். இது வந்ததிலேர்ந்து இவரு திண்ணையிலதான் படுக்கறாரு. கிட்ட வந்து பேசறதுகூட இல்ல. அவரை உள்ள வரச் சொல்லுங்க, அது போதும்." தறிக்காரர் கருவியை மேசையில் வைத்துவிட்டார்.

வீட்டில் இருவரும் பேசாமல் இந்த ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் அங்கே எனக்கு விளங்கியது. மனைவி கேட்டது ஒன்று, இவர் தேடி அலைந்தது இன்னொன்று. இருந்தாலும் செய்துகொள்வதென்றே இருவரும் முடிவு செய்தார்கள்.

கருவி எதைச் செய்யாது என்பதை அந்த டாக்டர் ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அதனால்தான். நீளம் கூடாது, பழைய இளமை அளவை மனதில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். நுனிப் பகுதி முன்போலப் பருக்காது. ஆசையை உண்டாக்காது. தொடு உணர்ச்சி, உச்சம், விந்து வெளியேறுவது ஆகியவற்றுக்கான நரம்புகளும் வழிகளும் வேறு. அவை முன்பு எப்படி இருந்தனவோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிறுநீர்ப் பாதையும் தனிக் குழாய் என்பதால் மூத்திரம் போவதில் மாற்றமில்லை. விறைப்பு, அது ஒன்றைத்தான் இந்தக் கருவி தரும். லேகியக்காரர் இளமை, வீரியம், குழந்தை, பௌர்ணமி நிலவு எல்லாவற்றையும் சேர்த்து விற்கிறார். இது ஒரே ஒரு வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றுகிறது. செய்துகொண்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் திருப்தியாக இருப்பதாக ஆய்வுகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

திரும்பி வர முடியாத பாதை என்பதையும் சொல்ல வேண்டும். தண்டை நுழைப்பதற்கு உள்ளே இருக்கும் பஞ்சுத் திசுவை விரித்து இடம் பண்ணுகிறார்கள். பின்னாளில் கருவியை எடுத்துவிட்டால் இயற்கையான விறைப்பு வராது, மாத்திரையும் பிடிக்காது. மாத்திரை இன்னும் பலிக்கிறவர், வயசுப் பையன், பயத்தில் இருப்பவர் யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது என்பது அதனால்தான்.

எல்லாரும் பயப்பட வேண்டியது சீழ் பிடிப்பது. ஆன்ட்டிபயாட்டிக் பூசிய கருவிகள் 2001 வாக்கில் வந்த பிறகு, நல்ல கைகளில் அது நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரைதான். ஆனால் பிடித்துவிட்டால் கருவி முழுவதையும் எடுத்தாக வேண்டியிருக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அபாயம் கூடுதல். நம் தறிக்காரருக்குச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) பத்தை ஒட்டி இருந்தது. "எட்டுக்குக் கீழ கொண்டு வாங்க, அப்புறம் கத்தி எடுக்கறேன்" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கண் போகும், கிட்னி போகும் என்று நான் வருஷக்கணக்காகக் கரடியாய்க் கத்தியும் இறங்காத சர்க்கரை அப்புறம் மளமளவென்று இறங்கியது. டீயில் சர்க்கரை போச்சு, ராத்திரிச் சோறு போச்சு, விடிகாலையில் கோயில் மாடவீதியைச் சுற்றி நடை. இன்சுலின் நேரத்தை என்னிடம் அவரே ஒப்பிப்பார்.

பணம். வெளிநாட்டு நீர் நிரப்பும் கருவி பல லட்சம். இந்தியத் தண்டுகள் அதில் சிறு பங்கு. இன்ஷூரன்ஸ் தரும் என்று நம்பிப் போகாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இவர் சீட்டு எடுத்த பணத்தில் இந்தியத் தண்டே போதும் என்றார். முதுகில் ஊசி போட்டு, விதைப்பைக்கு மேலே சின்னதாகக் கீறி, மணிக் கணக்கில் இழுக்காமல் முடித்துவிட்டார்கள். ஓரிரு நாளில் வீடு. விதைப்பை வீங்கிக் கறுத்து, இரண்டு மூன்று வாரம் நல்ல வலி. அக்கம்பக்கத்தில் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவைத்தார்கள். டாக்டர் சொன்ன கெடு முடிகிற வரை தறியில் மகன் உட்கார்ந்தான்.

எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கேட்கிற உறவும் இல்லை. அவராகவே ஒரு நாள், "வேட்டியில தெரியுமோன்னு பயந்தேன், தெரியலண்ணே" என்றார். சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடும்போது மட்டும் கொஞ்சம் ஒருக்களித்து விழுகிறாராம். ராத்திரி உள்ளேதான் படுக்கை என்பதை அந்தம்மா தைலம் வாங்க வந்தபோது சொன்னார்.

செய்துகொண்டவர்களுக்குக் கருவியின் விவரம் அச்சிட்ட அட்டை ஒன்று தருவார்கள். அதைத் தொலைக்கக் கூடாது. பின்னாளில் வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்துச் சிறுநீர்க் குழாய் போட வேண்டி வந்தால், உள்ளே தண்டு இருக்கிறது என்று போடுகிறவரிடம் சொல்லியாக வேண்டும். கவனமில்லாமல் நுழைத்தால் புண்ணாகிக் கிருமி ஏறும். நீர்ப் பை வைத்தவர்கள் நிஜமாகவே ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போனால் கத்தி பட்டுப் பை கிழியாமலிருக்க அந்த டாக்டருக்கும் தெரிய வேண்டும். மயக்கத்தில் கிடக்கிறவரால் எதையும் சொல்ல முடியாது என்பதால் வீட்டில் இன்னொருவராவது விவரம் அறிந்திருப்பது நல்லது. தறிக்காரர் மகனிடம் சொல்லவில்லை. சம்சாரத்துக்குத் தெரியும், அட்டையின் நகல் ஒன்று என் கடையிலும் இருக்கிறது.